படம் காட்டி மிரட்டினால்

"தெரியாதவர்களோடு பேசாதே" என்று பிள்ளைகளிடம் சொல்வதோடு பலர் நிறுத்திவிடுகிறோம். மிரட்ட வருபவன் தெரியாதவனாகவா வருகிறான்? அதே வயதுப் பெண்ணாகவோ, கேமில் கூட ஆடுபவனாகவோ வருவான். முதலில் நட்பு, அப்புறம் ஒரு அந்தரங்கப் படம், அது கைக்குப் போனதும் "பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் ஃபாலோயர்ஸ் எல்லோருக்கும் போகும்". இந்தப் பணம் பறிப்பில் அதிகம் சிக்குவது பையன்கள். நாமோ பெண் பிள்ளைகளை மட்டும் எச்சரித்துக்கொண்டிருக்கிறோம்!

பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகைதான் ஏறும். அவனோடு நடந்த சாட் உரையாடலை அழிக்க வேண்டாம், போலீஸ் புகாருக்கு அதுதான் ஆதாரம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் செய்யுங்கள். திட்டுவதையும் போனைப் பிடுங்குவதையும் தயவுசெய்து தள்ளிவையுங்கள். அந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று, டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை. 18 வயது ஆவதற்குள் எடுத்த படம் என்றால், பெயர் சொல்லாமலே பயன்படுத்தலாம். படம் நம் போனை விட்டு வெளியே போகாது; கைரேகை மாதிரி அதற்கென ஒரு குறியீடு மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவை அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். வாட்ஸ்அப் போல, பேசிக்கொள்பவர்களைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாதபடி மறையாக்கம் செய்த உரையாடல்களுக்குள் மட்டும் இது எட்டாது.