பால்சாக்கின் ‘பொன்விழிப் பெண்’: இரண்டு தடவை படியுங்கள்

எம்.ஏ. பிரெஞ்சில் எங்களுக்கு இந்தக் குறுநாவல் பாடமாக இருந்தது. 1834-35இல் வெளிவந்தது, ‘பதின்மூவர் வரலாறு’ என்ற மூன்று கதைத் தொகுதியில் கடைசி. படிக்கப்போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்கிறேன், தொடக்கத்தைத் தாண்டாதீர்கள். கதையே இல்லாமல் பாரிஸ் நகரத்துத் தொழிலாளியிலிருந்து பிரபு வரை ஒவ்வொரு தட்டாக, இத்தாலியக் கவி தாந்தே காட்டும் அடுக்கடுக்கான நரகம் மாதிரி பால்சாக் விவரித்துக்கொண்டே போவார், நான் அலுத்துப்போய்த் தாண்டிவிட்டேன். அந்த ஊரில் எல்லோரும் துரத்துவது பொன்னையும் இன்பத்தையும் என்று அங்கேதான் சொல்கிறார். அதைப் படிக்காவிட்டால் கதாநாயகி பக்கீத்தாவின் கண்ணில் ஏன் பொன் என்பது பிடிபடாது.

முதல் தடவை ஆன்ரி த மார்சே என்ற இளைஞனின் கண் வழியாகத்தான் படிப்போம். 1815 ஏப்ரல், பாரிஸின் துய்லரி தோட்டம், பக்கீத்தாவைப் பார்க்கிறான், பிறகு அவன் கண்ணைக் கட்டி வண்டியில் அவளிடம் அழைத்துப் போகிறார்கள். தனக்குப் போட்டி ஒரு கிழட்டுப் பிரபு என்று அவன் நினைக்கிறான், நாமும் நம்புகிறோம். அவள் அவனுக்குப் பெண்ணின் வெல்வெட் உடையை உடுத்திப் பார்ப்பதை நான் ஏதோ விளையாட்டு என்று கடந்துவிட்டேன். அப்புறம் உச்சத்தில் அவள் ‘மரிகீத்தா’ என்று கூப்பிட்டதும்தான் தூக்கிவாரிப்போட்டது. போட்டி ஒரு பெண்.

முடிவு தெரிந்தபிறகு பென்சிலோடு மறுபடி தொடங்குங்கள். இப்போது அந்தப் பெண் எல்லா இடத்திலும் இருப்பாள். பக்கீத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் அந்தப் பெண்ணிடமிருந்து வரும் காதல் கடிதங்கள்கூட வெறும் சித்திரங்கள். பக்கீத்தாவைக் கொல்லத்தான் ஆன்ரி திரும்பி வருகிறான், ஆனால் அவனுக்குப் போட்டியான அந்தச் சீமாட்டி முந்திக்கொண்டாள். சடலத்துக்குப் பக்கத்தில் இருவரும் ஒருவர் முகத்தில் இன்னொருவரைப் பார்த்து, உங்கள் தகப்பன் டட்லி பிரபுவா என்று ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். அண்ணன், தங்கை. “ரத்தத்துக்கு அவள் உண்மையாக இருந்தாள்” என்று பக்கீத்தாவைக் காட்டிச் சொல்கிறான் ஆன்ரி. எனக்கு இன்றும் தாங்க முடியாத வரி அது. இரண்டு பேருக்கு நடுவில் ஒருத்தி செத்துக் கிடக்கிறாள், அவர்கள் தங்கள் உறவைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உள்தேர்வில் நான் கதைச்சுருக்கமும், அந்தக் காலத்துக்கு இது எவ்வளவு துணிச்சல் என்பதும் எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டேன். பதிலில் பக்கீத்தா எங்கே என்று ஆசிரியர் கேட்டார், நியாயமான கேள்வி. அதனால் தேர்வில் அவளிலிருந்து தொடங்குங்கள். அவள் என்ன பேசுகிறாள், எந்த மொழியில் பேசுகிறாள், யார் அவளைப் பூட்டிவைத்தது, எப்போதெல்லாம் மற்ற இருவரும் அவளை மறந்துபோகிறார்கள். இதற்கு நாலு சான்று கையில் இருந்தால் போதும்.

கடைசிப் பக்கத்தைப் பிரெஞ்சிலேயே படியுங்கள். அவள் எதனால் செத்தாள் என்று நண்பன் கேட்கிறான், ‘த லா புவாத்ரீன்’ என்கிறான் ஆன்ரி. மார்பு என்ற சொல், கேட்பவன் காசநோய் என்று எடுத்துக்கொள்வான். கத்திக்குத்து நமக்கு மட்டும் தெரியும். மொழிபெயர்ப்புக் கேள்வியில் இது வந்தால், நான் “நெஞ்சு நோவு” என்று எழுதினேன்.