அரைக் கொத்து அரிசி

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகலாம் என்று மச்சாள் சொன்னபோது, சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் கோயிலின் பெயரை 16 ஆண்டுகளாக அவள் வாயில் நான் கேட்டதில்லை. யாராவது பிரசாதம் கொண்டுவந்தால்கூட, வாங்கி மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

புறப்படும் அன்று அரிசியை அளந்தாள். அரிசி அளக்கும் கொத்தை நிறைய அள்ளினாள். பிறகு கையால் வழித்து வழித்துப் பாதியைத் திரும்பப் பானைக்குள் கொட்டினாள். பொங்கலுக்குக் குறை அளவில் அரிசி கொண்டு போவார்களா? கேட்கவில்லை. அவளிடம் எதையும் துருவிக் கேட்கும் வழக்கம் எனக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

அவள் என் அண்ணனின் மனைவி. 2009 மே மாதத் தொடக்கத்தில், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்து அண்ணன் இறந்தார். இருவருமாக வெட்டிய பதுங்குகுழியிலேயே அவரை வைத்து மூடிவிட்டு, மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு வட்டுவாகல் பாலத்தைக் கடந்தாள். பிறகு இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாம். யாழ்ப்பாணத்தில் இருந்த நாங்கள் அவளைக் காண அடுத்த வருடமாயிற்று. நடந்ததை நிவாரண அட்டையை வாசிப்பதுபோல் வரிசையாகச் சொன்னாள். நான் தரையில் புரண்டு அழுதேன். அவள் எழுந்து போய் மகனுக்குச் சோறு போட்டாள். இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கைச் செய்ய வேண்டாமா என்று அம்மா கேட்டபோது, “பிறகு பார்ப்போம், மாமி” என்றாள். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. அம்மாவும் போய்விட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்காக ஒரு துளி கண்ணீர் விடாதவள் என்று அவள்மேல் எனக்கு உள்ளூரக் கோபம் இருந்தது. சேர்ந்து சமைத்தோம், சேர்ந்து சாப்பிட்டோம், அந்தக் கோபமும் கூடவே இருந்தது.

பஸ் பரந்தனில் திரும்பியதும் அவள் ஜன்னலோரத்துக்கு மாறினாள். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு. எங்களுக்கு இவை இறங்கும் இடங்களின் பெயர்கள். அவளுக்கு அதே வரிசையில் கூடாரம் போட்டுப் பிடுங்கிய இடங்கள். முள்ளிவாய்க்காலைக் கடக்கும்போது அவள் வெளியே பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “பங்கருக்குள் இருந்து அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன்” என்றாள். “இவரையும் பிள்ளையையும் உயிரோடு கரை சேர்த்தால், வைகாசிப் பொங்கலுக்கு ஒரு கொத்து அரிசியில் வந்து பொங்குகிறேன் என்று. ஒருவனைத்தான் தந்தாள். அதனால் அரைக் கொத்து.”

பிறகு முல்லைத்தீவு வரைக்கும் பேச்சில்லை.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் நந்திக்கடல் என்ற களப்பின் மேற்குக் கரையில் இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து பத்தாவதாகத் தங்கிய இடம் என்பதால் பத்தாப்பளை, அதுவே மருவி வற்றாப்பளை என்பார்கள். நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்றாளாம். அவர்கள் புக்கை என்கிற பொங்கல்சோறு பொங்கினார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை ஊற்றி ஏற்றுங்கள் என்றாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள். வைகாசித் திங்களில் வருவேன் என்று சொல்லி மறைந்தாள். இன்றும் பொங்கலுக்கு முந்திய வாரம் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரால் விளக்கெரித்து, பிறகுதான் திங்கட்கிழமை இங்கே பொங்கல்.

சிறுவயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அன்று வேறொன்று உறைத்தது. கண்ணகிக்கு வழக்குரைக்க ஓர் அரசவை இருந்தது, கையில் ஒரு சிலம்பாவது மிஞ்சியிருந்தது. மச்சாள் வழக்காட வந்திருப்பதோ அந்தக் கண்ணகியோடேயே.

வெளிவீதி முழுக்கப் புகை. காவடிகளின் பறைச்சத்தம், கற்பூரச்சட்டி ஏந்திய பெண்கள், காணாமற்போன குழந்தைகளின் பெயரைக் கூவும் ஒலிபெருக்கி. மூன்று கல் வைக்க ஓர் இடம் கிடைக்கவே நெடுநேரமாயிற்று. கும்பிடாமலே அடுப்பை மூட்டினாள். பானையில் பால் கொதித்தது, அரைக் கொத்து அரிசியைப் போட்டாள். அது அடியில் எங்கோ கிடந்தது.

பக்கத்து அடுப்பில் ஒரு முதிய அம்மா பொங்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார். “என்ன பிள்ளை, பானை குறையாய் இருக்கிறதே” என்று சொல்லிவிட்டு, யாரையும் கேளாமல் தன் பெட்டியிலிருந்து இரண்டு கை அரிசியை அள்ளி எங்கள் பானைக்குள் போட்டுவிட்டார்.

மச்சாள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். “நான் குறையாகத்தான் போட்டேன், அம்மா. தெரிந்துதான் போட்டேன்.” இரண்டாம் முறை சொல்லும்போது குரல் உடைந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து அண்ணனின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கணவன் பெயரை அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன். பதுங்குகுழிக்கு மண் தள்ளும்போது மகன் “அப்பாவின் முகத்தில் போடாதே” என்று சொன்னதை, அந்த முகத்தைத் தன் சேலைத்தலைப்பைக் கிழித்து மூடியதை, எல்லாம் சொல்லிச் சொல்லி மார்பில் அறைந்தாள். இதில் ஒன்றுகூட எனக்கு முன்பு தெரியாது. யாரும் விலக்க வரவில்லை. இரண்டு அடுப்பு தள்ளி நின்ற ஒரு பெண்ணும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அம்மனே கிழவியாக வந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த அம்மா அடுத்த கணமே பேரனை நெருப்பருகில் போகாதே என்று ஏசிக்கொண்டிருந்தார். எங்கள் பானை பொங்கி வழிந்ததையும் அவர்தான் கண்டு, கொள்ளியை இழுத்துவிட்டார்.

விடியற்காலையில் நந்திக்கடற்கரைக்குப் போனோம். எதிர்க்கரையில் முள்ளிவாய்க்கால் மங்கலாகத் தெரிந்தது. “அந்தப் பக்கம்தான்” என்று கை காட்டினாள். வாழையிலையில் கொஞ்சம் புக்கையை நீரோரத்தில் வைத்தாள். என் மனத்தில் இத்தனை வருடம் கிடந்த கோபத்தை அங்கே அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

“நான் எப்போது அழுவேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாயா?”

“ஓம்.”

“நானும்தான்” என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் முள்ளிவாய்க்காலிலிருந்து பரந்தன் வரை என் தோளில் சாய்ந்து தூங்கினாள். விழித்ததும் முதலில் கேட்டது, ஆடி அமாவாசைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று. மகனைக் கீரிமலைக்குக் கூட்டிப்போய்த் தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்விக்க வேண்டுமாம். பிண்டத்துக்கு நல்ல அரிசி நான் வாங்கி வருகிறேன் என்றேன்.

“வாங்காதே” என்றாள். “வீட்டில் அரைக் கொத்து இருக்கிறது.”