லூசினா சிப்பியை வினிகரில் கரைத்த கதை: இரண்டாம் சுற்று

முதல் சுற்று தப்பாகப் போய்விட்டது. லூசினா என்பது கடல்புல் சேற்றில் வாழும் ஒரு மட்டி. தொண்டிக் கரையில் பொறுக்கிய அதன் காலி ஓடுகளைக் கழுவி அப்படியே வினிகரில் போட்டேன், மூன்றாம் நாள் பழுப்பாக ஒரு தோல் மிதந்தது, அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று நினைத்து உலர்த்திப் பெயர் எழுதி வைத்தும் விட்டேன். அப்புறம் லென்ஸில் பார்த்தால் அது ஓட்டின் வெளித்தோலும் ஒட்டியிருந்த பாசியும்தான். எனக்கு வேண்டியது சுண்ணாம்புக்கு உள்ளே இருக்கிற புரதச் சவ்வு.

அது ஏன் வேண்டும் என்றால், லூசினாவின் செவுளில் பாக்டீரியா குடியிருக்கிறது. கடல்புல் வேரடியில் கறுப்புச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வருமே, அந்த ஹைட்ரஜன் சல்பைடை ஆக்சிஜனேற்றம் செய்து கிடைக்கும் ஆற்றலில் பாக்டீரியா உணவு தயாரிக்கும், மட்டி அதில் வாழும். வேரைக் கெடுக்கும் சல்பைடு குறைவதால் கடல்புல்லுக்கும் நல்லது. இதை 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது.

இந்த பாக்டீரியா கனமான கார்பன்-13-ஐ விட லேசான கார்பன்-12-ஐ அதிகமாக எடுக்கும். மிதவைப் பாசியை வடிகட்டித் தின்னும் மட்டியின் சதையில் கார்பன்-13 விகிதம், ஒரு பொதுத் தர அளவோடு ஒப்பிட்டால், ஆயிரத்துக்கு மைனஸ் 20-ஐ ஒட்டி வரும், லூசினாவில் மைனஸ் 30 பக்கம் இறங்கும். சதை அழுகிவிடும், ஓடுதான் மிஞ்சும். ஆனால் ஓட்டின் சுண்ணாம்பில் தேடிப் பெரிய பயனில்லை, ஏனென்றால் அதன் கார்பனில் பெரும்பகுதி கடல்நீரில் கரைந்திருப்பது. மட்டி தின்றதிலிருந்து வருவது அந்தச் சவ்வு. பாக்டீரியா தந்த உணவின் தடயம் அங்கேதான்.

சரி, இந்த முறை 12 ஓடுகள், மொத்தம் 26 கிராம். உள்பக்கம் முன் தசைத் தழும்பு (ஓட்டை மூடும் தசை ஒட்டியிருந்த இடம்) நாக்கு மாதிரி நீளமாக, ஓரக்கோட்டிலிருந்து (உடலின் மேல்தோல் ஓட்டில் ஒட்டியிருந்த கோடு) விலகி இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்த்தேன். லூசினாவை அடையாளம் காண எனக்கு அதுதான் நம்பகமானது. உப்புத்தாள் போட்டு வெளித்தோலைத் தேய்த்து, ப்ளீச்சில் ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். 5 சதவீத வினிகர், தினமும் மாற்றினேன். பக்கத்துக் கிண்ணத்தில் சந்தையில் வாங்கிய மட்டி ஓடுகள், ஒப்பிட.

ஒன்பதாம் நாள் நுரை நின்றது. அடியில் சாம்பல் வெள்ளையில் கந்தல் துணுக்குகள், ஈர வெங்காயத் தோலைவிட மெல்லிசு, தூரிகையால் தொட்டால் சுருண்டுகொள்கிறது. ஒரு துணுக்கில் மட்டும் வளர்ச்சிக் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன, அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். உலர்த்தி நகைத் தராசில் வைத்தால் 0.09 கிராம். கண்ணால் பார்த்தால் சந்தை மட்டியின் சவ்வுக்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. கார்பன் வித்தியாசத்தைக் காட்ட, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானிதான் வேண்டும்.

அரியலூர்க் கல்லையும் சோதித்தேன். நண்பர் கொடுத்தது, கிரெட்டேசியஸ் காலத்துச் சுண்ணாம்புக் கல்லில் ஓர் உள்வார்ப்பு, அதாவது ஓட்டுக்குள் நிறைந்த சேறு இறுகி உண்டான அச்சு. லூசினா ஓடு அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகம், நாள்பட்டால் கரைந்துபோகும் அல்லது கால்சைட் என்ற இன்னொரு படிகமாக மாறிவிடும், அப்போது சவ்வும் தப்புவது அரிது. ஓரத்தில் உடைத்த துண்டைக் கரைத்தேன், களிமண்ணும் மணலும்தான் மிஞ்சின. ஆனால் அந்த வார்ப்பின் மேல் நீளத் தழும்பு அப்படியே பதிந்திருக்கிறது! ஸ்வீடனின் கோட்லாண்ட் தீவில் 42 கோடி ஆண்டுக்கு முந்தைய இலியோனியா என்ற மட்டியையும் இப்படி உடலமைப்பை வைத்துத்தான் லூசினா குடும்பத்தோடு சேர்க்கிறார்கள்.

ஒரு சிக்கல் பிறகுதான் உறைத்தது. வினிகரில் உள்ள அமிலமே கார்பன் சேர்மம், சவ்வில் கொஞ்சம் தங்கினாலும் அளவைக் கெடுத்துவிடும். அதனால் இந்த 0.09 கிராமை அளவுக்கு அனுப்பவில்லை. மூன்றாம் சுற்றுக்குக் கார்பன் இல்லாத நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதையும் வீட்டில் வேண்டாம், கல்லூரி ஆய்வகத்தில் இடம் கேட்டிருக்கிறேன். ஓடுகள் இன்னும் 30 தேவை, அமாவாசை வற்றலுக்குத் தொண்டி போகவேண்டும்.