தெரிஞ்ச குரல்

நேத்து சாயந்திரம் சத்துவாச்சாரில டீ குடிச்சிகினு இருந்தேன், பக்கத்துல மேடை போட்டு ஒருத்தர் மைக்க புடிச்சிகினு ஓரினச்சேர்க்கைலாம் வெளிநாட்டு வியாதி, தெய்வத்துக்கே அடுக்காது, வீட்லயே சேக்கக்கூடாதுன்னு அரைமணி நேரமா ஒரே கத்து. தெரிஞ்ச குரலா கீதேன்னு எட்டிப் பாத்தா அவரேதான். ஆறு வருஷம் முன்ன காட்பாடி ஸ்டேஷன் வெளிய என் கைய புடிச்சிகினு "வீட்ல தெரிஞ்சா செத்துருவேன் தம்பி"ன்னு அழுதவரு. பேரு சொல்ல மாட்டேன், கமெண்ட்ல கேக்காதீங்க.

ஹங்கேரி சார்பா ஐரோப்பிய பார்லிமென்ட்ல எம்பியா இருந்த யோசெஃப் சாயர் ஞாபகம்தான் வந்துச்சு. கல்யாணம்னா ஆணும் பொண்ணும்தான்னு சொல்ற 2011 அரசியல் சாசனத்த எழுதுனதுல முக்கியமான ஆளு, என் ஐபேட்லயே எழுதுனேன்னு பெருமை வேற. 2020 நவம்பர், கொரோனா லாக்டவுன், பிரஸ்ஸல்ஸ்ல ஆம்பளைங்க பார்ட்டி ஒண்ணுக்கு போலீஸ் வரவும் தண்ணி பைப்ப புடிச்சி எறங்கி தப்பிக்க பாத்து மாட்டுனாரு. சிரிச்சேன்தான், ஆனா காட்பாடி அழுகைய நெனச்சா முழுசா சிரிப்பு வரல.

வெளிநாட்டு வியாதியாம்! ஓரினச்சேர்க்கைய குத்தம்னு சொன்ன 377வது பிரிவு தான்யா வெள்ளைக்காரன் சரக்கு, 1860 சட்டம், 2018ல தான் சுப்ரீம் கோர்ட் அதோட பல்ல புடுங்குச்சு. 2025 மே மாசம் நம்ம வேலூர் மாவட்ட ஆட்கொணர்வு கேஸ்லயே, கல்யாணம் மட்டும் குடும்பம் இல்லன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லி, பொண்ண காதலிச்சதுக்காக வீட்ல புடிச்சி வெச்சிருந்த ஒரு பொண்ண அது இஷ்டப்படி போக விட்டுச்சு. இவரு பேப்பரே படிக்கறதில்ல போல.

மேடைய விட்டு எறங்கும்போது என்ன பாத்துட்டாரு. செருப்பு தேடற மாதிரி குனிஞ்சிகினாரு, செருப்பு கால்லதான் இருந்துச்சு. டீக்கு காசு குடுத்துட்டு வந்துட்டேன்.