வீட்டு வாசலில் ஃபோர்க் எண்ணெய் மட்டம் வைத்த கதை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா போகும் சாலையை விட்டுச் செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பினால் தார் முடிந்து செம்மண் தொடங்கிவிடும். பழக்குலை ஏற்றும் லாரிகள் அந்த மண்ணை வரிவரியாக ஆக்கி வைத்திருக்கும். என் பழைய 125 சிசி மோட்டாரின் முன்பக்கம் அங்கே குழிக்குக் குழி அடிவரை போய் இடித்தது. பிரேக் பிடித்தால் மூக்கு கவிழ்ந்தது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் குழாய்க் கால்களாகத் தாங்கி அதிர்ச்சியை வாங்குவதுதான் ஃபோர்க். அதில் எண்ணெயை அடைத்து வைக்கும் சீலில் கசிவு இல்லை, ஸ்பிரிங்கும் உடையவில்லை. உள்ளே இருக்கும் எண்ணெய் செத்துப்போயிருக்க வேண்டும்.

பட்டறைக்காரரிடம் கேட்டதற்கு, "ஒரு காலுக்கு இத்தனை மில்லி, ஊத்தி மூடிடலாம் தம்பி" என்றார். காலை முழுக்கப் பிரித்துக் கழுவிக் காயவைத்தவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. வெறுமனே கவிழ்த்து வடித்தால் பழைய எண்ணெய் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். அதுவும் இரண்டு காலிலும் ஒரே அளவில் தங்காது. குழாயின் உள்விட்டம் 25 மிமீ என்று வைத்துக்கொண்டால், 10 மிமீ உயரத்துக்குப் பிடிக்கும் எண்ணெய் சுமார் 5 மில்லிதான், ஒரு தேக்கரண்டி. ஒரு காலில் இரண்டு தேக்கரண்டி பழசு தங்கினால் அந்தப் பக்க மட்டம் 20 மிமீ ஏறிவிடும். அதனால்தான் மில்லிக் கணக்கை விட்டு மட்டக் கணக்குக்குப் போனேன்.

மட்டம் என்பது குழாயின் மேல் விளிம்பிலிருந்து எண்ணெய்ப் பரப்பு வரை உள்ள இடைவெளி. அந்த இடைவெளியில் காற்று அடைபட்டிருக்கிறது. ஃபோர்க் அமுங்க அமுங்கக் காற்றும் நெருக்கப்பட்டு, கடைசிப் பகுதியில் இன்னொரு ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும். மட்டத்தை ஏற்றினால் காற்றுக்கு இடம் குறையும், அடியில் இடிப்பது குறையும். அளவுக்கு மீறி ஏற்றினால் ஃபோர்க் முழுசாக அமுங்காது, சீலுக்கும் கேடு. ஆரம்ப அமுக்கத்தில் மட்டம் பெரிதாக எதையும் மாற்றாது. அங்கே பேசுவது ஸ்பிரிங்கும் எண்ணெயின் கெட்டித்தன்மையும்தான். தளர்ந்துபோன ஸ்பிரிங்குக்கு எண்ணெயை ஏற்றி வைத்தியம் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேறு நோய்க்கு வேறு மருந்து.

எண்ணெய் விஷயத்தில் ஒன்று. சிலர் கைக்கு வந்த எஞ்சின் ஆயிலையே ஊற்றுகிறார்கள். 40-ஆம் நம்பர் ஆயில் ஃபோர்க்குக்கு ரொம்பக் கெட்டி, செம்மண் வரிகளில் முன்பக்கம் கட்டைபோல அடிக்கும். பழைய ஜப்பான் வண்டிகள் சிலவற்றுக்குத் தயாரிப்பாளரே ஏடிஎஃப் என்கிற ஆட்டோ கியர் ஆயிலைப் போடச் சொன்னதுண்டு. உங்கள் மேனுவலும் அப்படிச் சொன்னால் தயங்க வேண்டாம், அது மலிவும்கூட. என் வண்டிக்கு 10டபிள்யூ என்ற கெட்டித்தன்மை. ஒரு கம்பெனியின் 10டபிள்யூ இன்னொன்றின் 10டபிள்யூவாக இருக்காது. புட்டியில் 40 டிகிரிக்குப் போட்டிருக்கும் சென்டிஸ்டோக் எண்ணை, அதாவது கெட்டித்தன்மையின் அளவைப் பார்த்து ஒப்பிடுவதே சரி.

மட்டம் வைக்கத் தனிக் கருவி விற்கிறார்கள், விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். பார்மசியில் 60 மில்லி சிரிஞ்ச், மீன்தொட்டிக்குக் காற்றுவிடும் குழாய் ஒரு முழம், பழைய ஆன்டெனாவிலிருந்து வெட்டிய நேரான உலோகக் குழல். எல்லாம் சேர்த்துப் பத்து வெள்ளி (ரிங்கிட்) கூட ஆகவில்லை. மூன்றையும் வரிசையாகச் செருகி, குழலின் நுனியிலிருந்து 140 மிமீ அளந்து, அங்கே ஒரு கேபிள் டையை இறுக்கிக் குறுக்கே ஒரு குச்சியைக் கட்டினேன். 140 என் வண்டியின் கணக்கு, உங்களுடையதை மேனுவலில் பாருங்கள்.

கழற்றுவது பெரிய வேலை இல்லை. எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி, சக்கரம், மட்கார்டு, பிரேக் எல்லாவற்றையும் எடுத்தேன். டிஸ்க் பிரேக் என்றால் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள். ஃபோர்க் காலைப் பிடித்திருக்கும் இரண்டு கிளாம்ப்புகளில் மேல் கிளாம்ப்பை மட்டும் தளர்த்தி, காலை இன்னும் கீழ் கிளாம்ப் பிடித்திருக்கும்போதே மேல்மூடியை அரைச்சுற்று இளக்கிவிட வேண்டும். காலை வெளியே எடுத்தபின் அந்த மூடியோடு மல்லுக்கட்ட முடியாது. கடைசி மரையில் ஸ்பிரிங் மூடியைத் தெறிக்கவிடும், உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திறக்கவும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளவும். ஸ்பிரிங்கின் நெருக்கமான சுருள் எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்தேன்.

பேசினில் கவிழ்த்துப் பம்ப் அடித்ததும் சாம்பல் நிறத்தில், கெட்ட மீன் வாடையோடு வந்தது. இரண்டு காலையும் ராத்திரி முழுக்கக் கவிழ்த்தே வைத்தேன். பிறகு புது எண்ணெயில் கொஞ்சம் ஊற்றி அலசிக் கொட்டினேன். பெட்ரோல் ஊற்றிக் கழுவுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனிதான் பொறுமை வேண்டும். மேனுவல் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றி, குழாயை மெதுவாக மேலும் கீழும் இழுத்தேன். முதலில் நடுவில் வெற்றிடம் மாதிரி ஓரிடம் தெரியும், அது காற்று. மேலிருந்து கீழ்வரை இழுவை ஒரே சீராக வந்தபின் நிறுத்தி, குமிழி அடங்கும்வரை ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் விட்டேன். அப்புறம் ஸ்பிரிங் இல்லாமலேயே காலை முழுக்க அமுக்கி, செங்குத்தாக நிறுத்த வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அளவுக்கு அர்த்தமில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பிடித்துக்கொள்ள, குச்சி விளிம்பில் உட்காரும்படி குழலை இறக்கிச் சிரிஞ்சை இழுத்தேன். எண்ணெய் வந்து வந்து கடைசியில் காற்றை உறிஞ்சியது. "முடிஞ்சிருச்சா அங்கிள்?" என்றான். முடிந்துவிட்டது, அவ்வளவுதான் கருவி. அடுத்த காலுக்கும் அதே குழல், அதே குச்சி. இரண்டும் ஒரே மட்டம்.

மூடியை முழுதாக இறுக்கிய பின்பே மேல் கிளாம்ப்பை இறுக்கினேன். அச்சாணியை இறுக்குவதற்குமுன் முன்பிரேக்கைப் பிடித்து நன்றாக அமுக்கிவிட்டால் கால்கள் தாமாக நேர்படும்.

உள்குழாயில் ஒரு கேபிள் டையைச் சீலை ஒட்டிக் கட்டிவிட்டு மறுபடி தோட்டச் சாலைக்குப் போனேன். அது தள்ளப்பட்டு நிற்கும் இடம் ஃபோர்க் எவ்வளவு அமுங்கியது என்று காட்டும். இப்போது கடைசியில் ஒரு விரலளவு மிச்சம் இருக்கிறது, எனக்கு அது போதும். இன்னும் கொஞ்சம் கடினம் வேண்டுமானால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மூடியைத் திறந்து, காலுக்கு இரண்டரை மில்லி சிரிஞ்சில் விட்டால் 5 மிமீ ஏறும்.