பிளானைக் கூட்டாதீர்கள், வயர் இழுங்கள்

கம்ப்யூட்டரில் கிடக்கிற வீடியோவை ஹாலில் உள்ள டிவியில் ஓடவிட்டால் நடுநடுவே நின்று வட்டம் சுற்றுகிறது. உடனே நெட் கம்பெனிக்கு போன் போட்டு நூறு எம்பிபிஎஸ் (ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்கிற வேகக் கணக்கு) பிளானை இருநூறாக்கி, அதுவும் போதாமல் முந்நூறாக்குகிறவர்கள் எங்கள் குமரி மாவட்டத் தக்கலைப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். காசு போவதுதான் மிச்சம். அந்த வீடியோ நெட் வழியாக வரவே இல்லை. கம்ப்யூட்டரில் கிளம்பி ரௌட்டருக்கு வந்து அங்கிருந்து டிவிக்குப் போகிறது, அவ்வளவுதான். வாசலில் வரும் ஃபைபரைப் பிடுங்கிப் போட்டாலும் அது பாட்டுக்கு ஓடும்.

சித்தப்பா வீட்டில் இதே பஞ்சாயத்து. மகள் கல்யாண வீடியோவை ஸ்டூடியோக்காரர் ஹார்ட் டிஸ்க்கில் 4கே தரத்தில் கொடுத்திருக்கிறார், துபாயில் இருந்து மருமகன் வந்திருக்கிறார், சொந்தக்காரர்கள் எல்லாம் சோபாவில் உட்கார்ந்தாயிற்று, படம் நகர மாட்டேன் என்கிறது.

"லே மக்கா, இருநூறு பிளானாக்கும் போட்டிருக்கேன். மாசாமாசம் ரூவா கெட்டுதேன். பெறவு ஏன் இப்படிச் சுத்துது?"

"சித்தப்பா, அந்த இருநூறு வெளிய இருந்து வாறதுக்கு. இது நம்ம வீட்டுக்குள்ளயே நடக்குத காரியம்."

"அப்போ யூடியூப் மட்டும் நல்லா ஓடுதே?"

நல்ல கேள்வி. பலரும் இங்கேதான் வழி தவறுகிறார்கள். ஓடிடி படம் ஓடுகிறது, அதனால் வீட்டு வைஃபையில் கோளாறு இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான், ஃபுல் எச்டிக்கு 5 போதும் என்கிறது. அவர்கள் ஒரு படத்தை நிதானமாக, பல தரங்களில் சுருக்கி வைத்திருக்கிறார்கள். வேகம் குறைந்தால் சத்தமில்லாமல் தரத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும், நமக்குத் தெரியாது. யூடியூபும் அப்படித்தான். கல்யாண வீடியோ அப்படி இல்லை. சித்தப்பா வீட்டுக் கோப்பு எச்.264 என்கிற முறையில் சுருக்கியது, சராசரியே 60 எம்பிபிஎஸ். ஒரு மணி நேரத்துக்கு 27 ஜிபி. அதற்குக் குறைந்த தரம் என்று ஒன்று கிடையாது, அப்படியே முழுசாகப் போய்ச் சேர வேண்டும்.

சராசரி என்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தாலி கட்டும் காட்சி ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது, ஏனென்றால் மேடை அசையாது, பின்னால் உள்ள பூ அலங்காரம் அசையாது, ஆட்கள்தான் கொஞ்சம் அசைகிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் திற்பரப்பு அருவியில் போய் எடுத்திருந்தார்களே, அங்கேதான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்டது. வீடியோவைச் சுருக்குகிற முறை, முந்தின படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதை மட்டும் எழுதி வைப்பதுதான். அருவித் தண்ணீரில் ஒரு துளிகூட முந்தின இடத்தில் இல்லை. எல்லாமே வித்தியாசம், எல்லாவற்றையும் எழுத வேண்டும். அந்த இடத்தில் கோப்பு நூறையும் தாண்டித் துள்ளுகிறது. கடற்கரை அலை, மழை, காற்றில் ஆடும் ரப்பர் தோட்டம், மணமக்கள் மேல் தூவுகிற பூ, இதெல்லாம் ஒரே ரகம். உங்கள் வீட்டிலும் எந்தக் காட்சியில் நிற்கிறது என்று ஒருமுறை கவனியுங்கள், பாதி விஷயம் விளங்கிவிடும்.

சரி, வைஃபை ஏன் அந்த நூறைத் தரவில்லை? ரௌட்டர் பெட்டியில் 1200 என்று அச்சடித்திருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையையும் கூட்டிப் போட்ட தாள் கணக்கு. ஃபைபர் மாட்ட வந்த பையன் வயர் எந்தச் சன்னல் பக்கம் வந்ததோ அந்த அறையிலேயே துளை போட்டு ரௌட்டரைத் தொங்கவிட்டுப் போயிருக்கிறான். சித்தப்பா வீட்டின் முன்பாதி பழைய கல்சுவர், ஒரு முழம் கனம் இருக்கும். பின்பாதி பிறகு கட்டிய கான்கிரீட். ரௌட்டர் ஒரு பாதியில், டிவி மறு பாதியில், நடுவில் ஒரு ஸ்டீல் பீரோ வேறு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இந்த மாதிரிச் சுவரைத் தாண்டும்போது பாதி உயிர் போய்விடும். 2.4 சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் அதில் ஒன்றோடொன்று முட்டாத சேனல் மூன்றே மூன்று: 1, 6, 11. எங்கள் ஊரில் தென்னந்தோப்புக்கு நடுவே தள்ளித் தள்ளி வீடுகள், அதனால் பரவாயில்லை. நாகர்கோவிலில் கோட்டாறு, வடசேரி மாதிரி நெருக்கமான தெருவில் இருந்தால் பக்கத்து வீட்டு ரௌட்டர் அத்தனையும் அந்த மூன்றில்தான் அடிபிடி போடும்.

ரிப்பீட்டர் வாங்கலாமா என்று கேட்பீர்கள். மலிவானவை ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திருப்பிச் சொல்பவை, ஆகவே வேகம் பாதியாகும். போனில் வாட்ஸ்அப் பார்க்க அது போதும். 4கே-க்கு வேண்டாம்.

ரௌட்டரில் இருந்து டிவி வரை லேன் வயர் இழுப்பதுதான் வழி. கேட் 5இ என்கிற ரக வயரே நூறு மீட்டர் வரை 1000 எம்பிபிஎஸ் தாங்கும், கேட் 6 கிடைத்தால் நல்லது. வாங்கும்போது ஒரு நுனியைச் சீவிப் பாருங்கள். உள்ளே கம்பியைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசினது, விலை குறைவாகத்தான் இருக்கும், வாங்காதீர்கள். சுரண்டச் சுரண்டச் செம்பாகவே இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் அண்ணன், கரண்ட் வயர் போகிற அதே பைப்பில் இதையும் சொருகிவிடலாம் என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள், தனிப் பைப் போடச் சொல்லுங்கள். நாங்கள் இறவாரத்துக்கு அடியில் பிவிசி பைப் அடித்துக் கொண்டுபோனோம். பைப் இல்லாமல் விட்டால் அணில் ஒரு சீசன்கூட விட்டுவைக்காது.

நுனியில் பின் (போர்ட்டில் குத்துகிற பிளாஸ்டிக் முனை) அடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எட்டு இழைகள்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். இந்த வரிசையில் நேராக்கி, ஒரே மட்டமாக வெட்டி, பின்னுக்குள் கடைசிவரை தள்ளி, எட்டு நுனியும் முன்பக்கம் முட்டி நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் கிரிம்பிங் டூலை அழுத்த வேண்டும். நீல ஜோடியிலோ பிரவுன் ஜோடியிலோ ஒரு இழை சரியாகக் கடிக்காவிட்டாலும் இணைப்பு வேலை செய்யும், அதுதான் சிக்கல். விளக்கு எரியும், நெட் வரும், ஆனால் 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100-தான் கிடைக்கும், ஏனென்றால் 100-க்கு மற்ற நான்கு இழையே போதும். சித்தப்பா வீட்டில் முதல் பின் அடித்தபோது அதுதான் ஆனது. கம்ப்யூட்டரில் நெட்வொர்க் ஸ்டேட்டஸைத் திறந்து லிங்க் ஸ்பீடைப் பார்த்தால் சொல்லிவிடும். நுனியை வெட்டிப் போட்டுத் திரும்ப அடித்தோம், 1000 வந்தது.

அப்புறம் இன்னொரு கூத்து. டிவியின் லேன் போர்ட் வெறும் 100 எம்பிபிஎஸ். 4கே டிவி விற்கிறவர்கள் பலர் இன்றும் அந்தப் பழைய போர்ட்டைத்தான் வைக்கிறார்கள், ஓடிடி பார்க்க அது போதுமே என்று. ரௌட்டரிலும் பாருங்கள், கம்பெனி கொடுக்கும் சில பெட்டிகளில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட், அதாவது 1000, மற்றவை 100. இதற்கு நாங்கள் செய்தது: ஹாலில் டிவிக்குப் பக்கத்திலேயே இன்னொரு வைஃபை பெட்டியை வைத்து, வயரை அதில் குத்தி, டிவியை அதன் 5 கிகாஹெர்ட்ஸில் சேர்த்தோம். நடுவில் சுவரே இல்லாததால் வைஃபை இங்கே வயரைவிட வேகம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் உண்மை. டிவியில் மாட்டிப் படம் பார்க்கிற ஆண்ட்ராய்டு பெட்டி, கிகாபிட் போர்ட்டோடு இருந்தால் இதுவும் தேவையில்லை.

வயர் சரி, வேகம் சரி, இன்னும் சுற்றுகிறதா? அப்போது சந்தேகப்பட வேண்டியது கம்ப்யூட்டரை. ஜெல்லிஃபின், பிளெக்ஸ் மாதிரி, கம்ப்யூட்டரில் உள்ள வீடியோவை டிவிக்கு அனுப்பிக் கொடுக்கிற சர்வர் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதன் டாஷ்போர்டில் 'டைரக்ட் ப்ளே' (கோப்பு அப்படியே போகிறது) என்று வருகிறதா, 'டிரான்ஸ்கோட்' (மாற்றிக் கொடுக்கிறது) என்று வருகிறதா என்று பாருங்கள். டிவிக்குப் புரியாத ஒலி வடிவமோ வீடியோ வடிவமோ இருந்தால் சர்வர் அதை ஓடும்போதே மாற்றிக் கொடுக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் 4கே-யை மாற்றச் சொன்னால் ஃபேன் ஊளையிடும், படம் நிற்கும், பழி நெட்வொர்க் மேல் விழும்.

பென்டிரைவில் போட்டு டிவியில் குத்தினால் போதாதா என்று சித்தி கேட்டார்கள். ஒரே டிவி என்றால் போதும், தாராளமாகச் செய்யுங்கள். பல பென்டிரைவ்கள் ஃபேட்32 வடிவத்தில் வருகின்றன, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்ய வேண்டும். சித்தப்பா வீட்டில் மாடியிலும் ஒரு டிவி இருக்கிறது, மருமகன் லேப்டாப்பிலும் பார்க்க வேண்டும், அதனால்தான் இந்த வேலையெல்லாம்.

ஐப்பசி, கார்த்திகையில் நம்ம மாவட்டத்தில் சாயங்காலம் ஆனால் இடி மின்னல் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் டிவி பிளக்கைக் கழற்றுகிறார்கள், லேன் வயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வெளிச்சுவர் வழியாக ஓடுகிற செம்புக் கம்பி அது. பக்கத்தில் இடி விழுந்தால் அதிலும் மின்சாரம் பாயும், இரண்டு முனையிலும் இருக்கிற போர்ட்டைக் கருக்கிவிடும். மேகம் கறுத்தால் இரு பக்கமும் அந்தப் பின்னையும் உருவிப் போட்டுவிடுங்கள்.