ரீலோடிங் பிரஸ்ஸுக்கு ஒரு கால்குலேட்டர் கணக்குப்பிள்ளை

சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை மறுபடி தோட்டாவாக்கும் இயந்திரமே ரீலோடிங் பிரஸ்; கைப்பிடியின் ஒவ்வொரு இழுப்புக்கும் கூடுகள் நிலை நிலையாக நகர்வது அதன் புரோகிரசிவ் வகை. அந்த வகைப் பிரஸ்ஸில் தோட்டா எண்ணும் கருவியைப் பொருத்த விரும்புவோர் பெரும்பாலும் சுவிட்ச் எது, திரை எது என்றுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்தக் கருவி எதை எண்ண வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்யாவிட்டால், எவ்வளவு நல்ல சுவிட்சைப் போட்டாலும் திரையில் தெரியும் எண்ணும் பெட்டியில் கிடக்கும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது. கருவி நேரடியாக எண்ணுவது கைப்பிடியின் இழுப்புகளைத்தான், தோட்டாக்களை அல்ல.

ஐந்து நிலைகள் கொண்ட பிரஸ்ஸை எடுத்துக்கொள்வோம். முதல் நிலையில் வைத்த பித்தளைக் கூடு ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு நிலை நகர்ந்து, ஐந்தாவது இழுப்பில்தான் முழுத் தோட்டாவாகிறது. அதுபோலவே கடைசிக் கூட்டை வைத்து இழுத்த பிறகும் இன்னும் நான்கு முறை இழுத்தால்தான் கூடுகளைத் தாங்கும் தட்டு (ஷெல் பிளேட்) காலியாகும். ஆகவே 100 தோட்டாக்களுக்கு 104 இழுப்புகள் தேவை. வேலை நடந்துகொண்டிருக்கும்போது கருவி காட்டும் எண், உள்ளே சென்ற கூடுகளின் எண்ணிக்கையே தவிர வெளியே வந்த தோட்டாக்களின் எண்ணிக்கை அல்ல. பிழையான கூடு ஒன்றை நடுவிலேயே எடுத்துவிட்டால் கணக்கு இன்னும் ஒன்று விலகும்.

எனவே தோட்டாவை எண்ணும் ஆசையை விட்டுவிட்டு, பிரைமரை, அதாவது கூட்டின் அடியில் அமர்ந்து வெடிமருந்துக்குத் தீமூட்டும் சிறு மூடியை, எண்ணுவதே சரி என்பது என் கருத்து. முடிந்த தோட்டாக்களைப் பெட்டியில் அடுக்கும்போது எப்படியும் எண்ணிவிடலாம். ஆனால் பிரைமர் குழாயில் இன்னும் எத்தனை மிச்சம் என்பது வேலையின் நடுவே கண்ணுக்குத் தெரிவதில்லை. வழக்கமான குழாயில் 100 பிரைமர்கள் அடங்கும். அது காலியானதைக் கவனிக்காமல் கைப்பிடியை இழுத்துக்கொண்டே போனால், பிரைமர் இல்லாத கூட்டில் வெடிமருந்து விழுந்து, அடித்துளை வழியாகக் கசிந்து ஷெல் பிளேட்டின் அடியெல்லாம் பரவிவிடும். அதைத் துடைத்துச் சுத்தம் செய்வதற்குள் பொறுமை போய்விடும். இந்த ஒரு தொல்லையைத் தவிர்ப்பதற்காகவே எண்ணும் கருவி தேவை என்று சொல்வேன். அப்படியானால் அது 0 முதல் மேல்நோக்கி எண்ணுவதைவிட, 100 முதல் கீழ்நோக்கி எண்ணுவதே பயன் தரும்.

எண்ணுவதற்குப் பழைய வழி, கம்பி இழுத்தால் ஒரு பல் நகரும் ராட்செட் கவுன்ட்டர். கர்ட்டிஸ் வீடர் 1895இல் சைக்கிளுக்காகத் தயாரிக்கத் தொடங்கிய சைக்ளோமீட்டரின் வம்சம் அது. மின்கலம் வேண்டாம், ஆயுளும் அதிகம். அதன் நெம்பு முழுவதும் போய்த் திரும்பினால்தான் எண் மாறும் என்பதால் அரைகுறை இழுப்புகளை அது தானாகவே ஒதுக்கிவிடும். ஆனால் சாதாரண ராட்செட் கவுன்ட்டர் கீழ்நோக்கி எண்ணாது. எனவே என் தேர்வு மலிவான கால்குலேட்டரும், காந்தத்தால் இயங்கும் ஒரு ரீட் சுவிட்சும். கால்குலேட்டரில் 100, கழித்தல், 1, சமக்குறி என்று அழுத்தினால் 99 தெரியும். அதன்பின் சமக்குறியை மட்டும் அழுத்த அழுத்த 98, 97 என்று இறங்கும். சில மாடல்களில் முதலில் 1ஐ அழுத்தி, கழித்தல் குறியை இருமுறை அழுத்தி, பிறகு 100ஐக் கொடுக்க வேண்டியிருக்கும். சமக்குறிப் பொத்தானுக்கு இணையாக ரீட் சுவிட்சின் இரண்டு கம்பிகளையும் இணைத்துவிட்டால், காந்தம் அருகில் வரும்போதெல்லாம் அந்தப் பொத்தான் தானாக அழுந்தியதாகும். தொடுமுனைகள் மூடும்போது ஏற்படும் நுண்ணிய அதிர்வுகளால் ஒரு இழுப்பு இரண்டாகப் பதிவாகும் சிக்கலையும் கால்குலேட்டரே கவனித்துக்கொள்கிறது; விரலால் அழுத்தும் பொத்தான்களுக்காக அந்த வடிகட்டல் அதில் ஏற்கெனவே உள்ளது.

கால்குலேட்டரைத் திறந்ததும் சால்டரிங் செய்ய இடம் தேடுவதுதான் சிரமமான பகுதி. பொத்தானுக்கு அடியில் தெரியும் கறுப்புப் பட்டைகள் கார்பன் பூச்சு. அவற்றில் ஈயம் ஒட்டாது. அந்தப் பட்டையிலிருந்து புறப்படும் செம்புத் தடத்தைக் கண்ணால் பின்தொடர்ந்து, சற்றுத் தள்ளி ஓரிடத்தில் பச்சைப் பூச்சைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகு மெல்லிய கம்பியைப் பற்றவைக்க வேண்டும். மிக மலிவான சில கால்குலேட்டர்களில் தடங்கள் பலகையில் இல்லாமல் பிளாஸ்டிக் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். சூடு பட்டதும் தாள் உருகிவிடும் என்பதால் அவை இந்த வேலைக்கு உதவாது. சில நிமிடங்கள் சும்மா இருந்தால் தானாக அணைந்துவிடும் மாடல்களையும் தவிர்ப்பது நல்லது. பிரைமர் குழாயை நிரப்பிவிட்டு வருவதற்குள் எண் மறைந்திருக்கும். சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: பற்றவைக்கும் வேலையை மருந்தும் பிரைமரும் இல்லாத வேறு அறையில் செய்ய வேண்டும்.

ரீட் சுவிட்ச் 1936இல் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கியது. கண்ணாடிக் குழலுக்குள் அடைபட்ட இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள், காந்தம் நெருங்கினால் ஒன்றையொன்று தொடும், அவ்வளவுதான். தொடுமுனைகள் வெளிக்காற்றில் இல்லை என்பதும், இருக்கும் மின்னழுத்தம் ஓரிரு வோல்ட்தான் என்பதும் மருந்துத் தூள் சிந்தும் மேசையில் பெரிய ஆறுதல். அதன் கால்களை வளைக்கும்போது மட்டும், கண்ணாடியை ஒட்டிய பகுதியை மூக்குக் குறட்டால் பிடித்துக்கொண்டு, குறட்டுக்கு வெளியே இருக்கும் பகுதியையே வளைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழலின் ஓரம் விரிசல் விடும்.

காந்தத்தைப் பொருத்துவதில் பலரும் எதிர்பாராத ஒரு குணம் இருக்கிறது. நீளவாக்கில் காந்தமேற்றப்பட்ட கட்டை சுவிட்சுக்கு இணையாக இருந்து, அதன் நீளப் போக்கிலேயே மிக நெருக்கமாகக் கடந்து சென்றால், சுவிட்ச் ஒரு முறை அல்ல, மூன்று முறைகூட மூடித் திறக்கலாம். நடுவே ஒரு வலுவான மண்டலமும் இரு ஓரங்களிலும் இரண்டு சிறிய மண்டலங்களும் இருப்பதே காரணம். இடைவெளியைச் சற்று அதிகரித்தால் ஓர மண்டலங்கள் வலுவிழந்து, நடு மண்டலம் மட்டும் வேலை செய்யும். இதைவிட நல்ல வழி, காந்தம் சுவிட்சைக் கடந்து போகாமல், அதை நோக்கி வந்து நின்று, வந்த வழியே திரும்பும்படி வைப்பது. இழுப்பின் நடுப்பகுதியில் சுவிட்சை வைத்தால் ராம் (கூட்டுத் தட்டை ஏற்றி இறக்கும் தண்டு) ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று இரட்டிப்பாகப் பதிவாகும். எனவே இழுப்பின் ஏதாவது ஒரு முனையில்தான் அது இருக்க வேண்டும்.

எந்த முனை என்றால், கீழ் முனை. பெரும்பாலான புரோகிரசிவ் பிரஸ்களில் ராம் கீழே இறங்கி, கைப்பிடியை முன்னோக்கி அழுத்தும்போதுதான் பிரைமர் கூட்டில் அமர்கிறது. நாம் எண்ண விரும்புவதும் அதைத்தான். மேல் முனையில் வைத்தால், ஏதோ இடறுகிறது என்று பாதியில் இறக்கி மீண்டும் ஏற்றுவதுகூடக் கணக்கில் சேர்ந்துவிடும். கீழ் முனையில் அந்தத் தொல்லை இல்லை. பிரைமரை நன்றாக அமர்த்துவதற்காகச் சிலர் கைப்பிடியை இரண்டு முறை தள்ளுவார்கள். அதற்கும் இடம் கொடுத்து, சுவிட்ச் சற்று முன்னதாகவே மூடி, அந்தச் சிறிய அசைவு முழுவதும் மூடியே இருக்கும்படி இடைவெளியை அமைக்கலாம். ரீட் சுவிட்ச் மூடும் தூரத்தைவிடத் திறக்கும் தூரம் அதிகம் என்பதால் இது எளிதாகவே அமைகிறது.

இதில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு. ராம் கீழே நிற்கும்போது சமக்குறி அழுந்தியபடியே இருப்பதால், அந்த நிலையில் வேறு பொத்தான்களை அழுத்தினால் கால்குலேட்டர் ஏற்றுக்கொள்ளாது. மீண்டும் 100ஐ உள்ளிட முடியாமல் முழிக்க வேண்டியதுதான். ரீட் சுவிட்சின் ஒரு கம்பியில் சிறிய ஆன்-ஆஃப் சுவிட்ச் ஒன்றைச் சேர்த்தால் இது தீரும். குழாயை நிரப்பும்போது அதை அணைத்து, எண்ணை உள்ளிட்டு, மறுபடி போட வேண்டும். அந்த நேரத்தில் ராம் கீழே நின்றால் போட்டவுடன் ஒரு எண் குறையும் என்பதால், கைப்பிடியைச் சற்று இழுத்து வைத்துக்கொண்டு போடுவது நல்லது.

பிரஸ்ஸின் உடலில் துளையிடுவதை நான் ஆதரிப்பதில்லை. வார்ப்பு அலுமினியத்தில் இட்ட துளை எங்கே விரிசலாக மாறும் என்று சொல்ல முடியாது. குழாய்களுக்குப் போடும் ஸ்குரூ கிளாம்ப்பும் ஒரு துண்டு பிளாஸ்டிக் பட்டையும் போதுமானவை. காந்தத்தை ராமில் ஒட்டுவதைவிடக் கைப்பிடியின் இணைப்புக் கையில் ஒட்டுவதே நல்லது. ராமைச் சுற்றிப் பழைய பிரைமரின் கரி எப்போதும் கொட்டிக்கொண்டிருக்கும். தவிர, ராமின் எஃகு காந்தப்புலத்தைத் தன்பக்கம் இழுத்துச் சுவிட்சுக்குப் போய்ச் சேரவிடாது. எஃகுப் பாகத்தில்தான் ஒட்டியாக வேண்டும் என்றால், காந்தத்துக்கு அடியில் சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கோ அலுமினியமோ வைக்கலாம்.

கால்குலேட்டரை எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். கூட்டுக்குள் மருந்து விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கண் பார்க்க வேண்டிய இடம் கூட்டின் வாய். அந்தப் பார்வையை எண் களவாடக் கூடாது. எனவே திரை நேர்ப்பார்வையில் இல்லாமல், தலையைத் திருப்பினால் மட்டும் தெரியும்படி பிரைமர் குழாயின் பக்கமாக இருக்கட்டும்.

இந்த எண்ணை வைத்து மருந்தின் அளவையும் சரிபார்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். மருந்துக் குடுவையைத் தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் எடைபோட்டு, வித்தியாசத்தை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கூட்டுக்கான சராசரி கிடைக்கும். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன் என்ற கணக்கில் சராசரி விலகினால், மருந்தை அளந்து கொட்டும் அளவி தளர்ந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. ஒரு கூட்டில் மருந்தே விழாமல், மற்றொன்றில் இரட்டிப்பாக விழுந்திருந்தாலும் சராசரி அப்படியே நிற்கும். முதலாவதில் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளும். இரண்டாவதில் துப்பாக்கியே வெடித்துவிடலாம். அதைக் கண்டுபிடிக்க மருந்து மட்டத்தை உணரும் டை (பிரஸ்ஸின் ஒரு நிலையில் பொருத்தும் பாகம்) தனியாக உண்டு, கண்ணும் உண்டு. கால்குலேட்டரின் வேலை பிரைமர் தீரப்போகிறது என்று சொல்வது மட்டுமே. திரையில் 5 வந்ததும் நிறுத்திக் குழாயை நிரப்பிவிடலாம். அப்போது உள்ளிட வேண்டிய எண் 105 அல்ல, குழாயில் உண்மையில் இருக்கும் பிரைமர்களின் எண்ணிக்கை.